பூப் போடற பிளேன்

மேட்டுப்பட்டரையில் அம்மன் ஊர்வலம் கிளம்பினால் எல்லார் வாசலிலும் நிற்கும். ஏகாம்பரம் வாசலில் மட்டும் நிற்காது. நிற்கக் கூடாது என்று எவரும் பஞ்சாயத்து வைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம், எதிர்த்துக் கேட்க ஒரு வாய் கிடைத்திருக்கும். சாமி தூக்குகிறவர்கள் பக்கத்து வீட்டு எல்லம்மாள் வாசலில் நின்று காலுக்குத் தண்ணீர் வாங்குவார்கள், கற்பூரம் எரிந்து முடிந்ததும் தோள் மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இந்த வாசல் வந்ததும் பின்னால் நாய் துரத்துகிற மாதிரி நடை ஓட்டமாகிவிடும். ஏகாம்பரத்தின் பெண்டாட்டி ஆதிலட்சுமி கையில் தட்டோடு நிற்பாள். அம்மன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. பக்கவாட்டில் மூக்குத்தி மட்டும் மின்னிவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சீரியல் செட். மூன்று வருஷத்துக்கு முந்தி நடந்த தீமிதித் திருவிழாவில் மைக்செட், லைட்டு எல்லாம் ஏகாம்பரத்தின் பொறுப்பு. துரோபதம்மன் சப்பரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சின்ன பல்புகளின் ஒயர் எங்கேயோ உரசிப் பொறி தட்டியது. காகிதப் பூவில் பிடித்த நெருப்பு அம்மனின் பட்டு முந்தானை வரைக்கும் வந்துவிட்டது. ஏகாம்பரமே வெறுங்கையால் அடித்து அணைத்தான். ஒரு ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை. அடுத்த வருஷமும் பாதிதான். ஊருக்கு அது போதாதா? அதற்கப்புறம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மைக்செட் சாலவாக்கத்திலிருந்து வர ஆரம்பித்தது. ஏகாம்பரத்தின் குழாய் ஸ்பீக்கருக்குள் எலி குட்டி போட்டது. அவன் தன் மச்சானின் நிலத்தில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டப் போனான்.

அப்படி இருக்கும்போது, தை அறுப்பு முடிந்த கையோடு தர்மகர்த்தா சடையப்பன் அந்த வீட்டுப் படி ஏறினார். ஆதிலட்சுமி ஓடிப்போய் மோர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அதுவே அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

“ஏகாம்பரம், நீ மெட்ராஸ்ல இருக்கச் சொல்ல குட்டி ஏரோபிளேன் உட்டுக்கினு இருந்தியாமே?” என்றார் சடையப்பன்.

“ஒரு காலேஜ் ஷெட்ல எடுபிடி வேலை மாமா. பசங்க உடைச்சிக் குடுக்கும், நான் ஒட்டிக் குடுப்பேன். நானும் உட்டுருக்கேன். அது கம்பி கட்டி உடறது. செக்கு மாடாட்டம் நம்மளையே சுத்திக்கினு வரும்.”

“வாலாஜாபாத் பக்கம் போன வருசம் ஒரு கும்பாபிசேகத்துல ஹெலிகாப்டர்லருந்து பூ போட்டானுங்க. நம்ம ஊர்ல எவனைப் பாத்தாலும் அதையே பேசிக்கினு கீறான். மாசில நம்ம கோயிலுக்கு வெச்சிருக்குது. நமக்கு ஹெலிகாப்டர்லாம் ஆவாது. உன் குட்டி பிளேன் பூ போடுமா?”

ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற ஆதிலட்சுமி கேட்டுவிட்டாள். “போட்டா இன்னா மாமா?”

சடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பூ ஒழுங்கா உழுந்துச்சின்னா அன்னிக்கி சாயங்காலம் சாமி உன் வாசல்ல நிக்கும். நான் நிக்க வெக்கிறேன்.”

“உழாட்டி?”

“உழாட்டி போவுது. கோபுரத்து மேல முட்டி, கலசத்துக்கு ஒண்ணு ஆச்சின்னா, அப்பால நீங்க ரெண்டு பேரும் இந்த ஊர்ல எப்பிடிக் குடித்தனம் பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியல. யோசிச்சிச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? அவர் தெருமுனை தாண்டுவதற்குள் ஏகாம்பரம் பரண்மேல் ஏறியாகிவிட்டது. காலேஜை விட்டு வரும்போது பிள்ளைகள் கொடுத்த உடைந்த பிளேனும், கைக்கடக்கமான ஒரு எஞ்சினும் அங்கே கோணியில் கிடந்தன.

கம்பி கட்டி விட்டால் கோபுரத்துக்கு மேல் போகாது, ரேடியோவில்தான் ஓட்ட வேண்டும். அதற்கு உத்திரமேரூர் பஜாரில் ரேடியோக் கடை வைத்திருந்த ரஹமத்துல்லா பாய் கை கொடுத்தார். அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, பிளேன் ஓட்டுகிற ரேடியோ செட் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. பிள்ளைகளுக்கு அதில் மனசு போகவில்லையாம். “எடுத்துக்கினு போ ஏகாம்பரம். உடைஞ்சா உடைஞ்சிது. ஏரோபிளேன்ல வெச்ச சாமான் என்னிக்கி இருந்தாலும் கீழ உழத்தானே போவுது” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆதிலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது விழுகிற பேச்சு எதற்கு என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பெட்டிக்குள் இருந்தது கொஞ்சம் சாமான்தான். கையில் பிடித்துக்கொள்ள ஒரு பெட்டி, அதில் இரண்டு குச்சி, ஓரத்தில் ஒரு சுவிட்சு, இழுத்தால் நீளும் ஏரியல். பிளேனுக்குள் வைக்கத் தீப்பெட்டி போல ஒரு ரிசீவர், பேட்டரி, அப்புறம் சர்வோ என்கிற குட்டி மோட்டார்கள். கையிலிருக்கும் பெட்டியில் குச்சியை அசைத்தால் பிளேனுக்குள் சர்வோவின் கை அசையும். ஒன்று வாலைத் திருப்பும், ஒன்று மேலே கீழே ஏற்றி இறக்கும், ஒன்று எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும், கடைசி ஒன்று வயிற்றில் கட்டின பூப்பெட்டியின் ஆணியைப் பிடுங்கும்.

சொல்ல சுலபம். அதை மாட்டுவதற்குள் இருவருக்கும் தாவு தீர்ந்துவிட்டது. ஏகாம்பரம் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டு அதன்மேல் பிளேனைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தான். எஞ்சின் அதிர்வு சர்வோவுக்குப் போகக் கூடாதென்று திருகாணிக்குக் கீழே சைக்கிள் டியூபை வட்ட வட்டமாக நறுக்கி வைத்தான். ரிசீவருக்கு அவள் பழைய சைக்கிள் சீட்டைக் கிழித்து ஸ்பாஞ்சு எடுத்துக் கொடுத்தாள். சர்வோவிலிருந்து வாலுக்குப் போகிற தண்டுக்கு மூங்கிலைச் சீவி, இரண்டு முனையிலும் சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை வைத்து நூல் சுற்றிக் கோந்து தடவினான். நூல் சுற்றினது ஆதிலட்சுமிதான். பூக்கட்டுகிற கைக்கு அது வந்தது. எல்லாம் வைத்து முடித்து, இரண்டு விரலால் இறக்கைக்கு அடியில் தாங்கித் தூக்கிப் பார்த்தால் வால் பக்கம் தொங்கியது. வால் தொங்கினால் மேலே போய்க் குப்புறக் கவிழும் என்றான். பேட்டரியைப் பிடுங்கி மூக்குப் பக்கம் தள்ளினான். மறுபடியும் விரலால் தாங்கினான். மறுபடியும் பிடுங்கினான். உலையில் அரிசி குழைந்து கூழாகிவிட்டது.

கடைசியாக மூடியை ஒட்டுகிற சமயம். அவள் பிளேன் மூக்குக்கு எதிரே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியோடு தள்ளி நின்றான்.

“இடது பக்கம் தள்றேன். வால் எங்க போவுதுன்னு சொல்லு.”

“பீச்சாங்கைப் பக்கம்.”

“சரியாப் போச்சு. மூடிடு.”

அவள் கோந்தைத் தொட்டாள், அப்புறம் கையை எடுத்தாள். “இந்தா, யாரு பீச்சாங்கையைச் சொல்ற? நான் எதிர்ல குந்திக்கினு கீறேன்.”

“பிளேனோட பீச்சாங்கை.”

“அதுக்கேதுய்யா கை? மாட்டை ஏர்ல பூட்டினா எங்க நின்னுக்கினு வலத்துமாடு இடத்துமாடுன்னு சொல்லுவ?”

“பின்னால.”

“அப்ப பின்னால வந்து பாரு.”

வந்து பார்த்தான். இடது பக்கம் குச்சியைத் தள்ளினால் வால் வலது பக்கம் போனது. தண்டைச் சர்வோ கையில் ஒரு பக்கம் மாட்டுவதற்குப் பதில் மறுபக்கம் மாட்டியிருக்கிறான். அப்படியே மூடியிருந்தால், கோபுரத்தை விட்டு விலக்க வேண்டும் என்று தள்ளுகிற குச்சி நேராகக் கோபுரத்தின் மேலேயே கொண்டுபோய் முட்டியிருக்கும். ஏகாம்பரம் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டான்.

“நம்மால ஆவாதுன்னு சொல்லிட்டு வந்துடட்டா ஆதி?”

“சொன்னா சாமி வந்து நிக்குமா?”

அவன் தண்டைக் கழற்றினான்.

ஏரிக்கரையில் வைத்து ரேடியோ எவ்வளவு தூரம் பேசுகிறது என்று பார்த்தார்கள். அவள் களத்தில் பிளேனை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் பெட்டியோடு கரைமேல் நடந்து போய்க்கொண்டே இருந்தான். வால் ஆடிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவள் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். மதகு வரைக்கும் கை மேலேதான் இருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போன கன்னியப்பன், “இன்னா ஆதி, ஊட்டுக்காரருக்கு டாட்டா காட்டுறியா, மெட்ராசுக்குக் கிளம்பிட்டாரா?” என்று கேலி பண்ணிவிட்டுப் போனான். ஊரில் எல்லாருக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

முதலில் பறக்கவிட்டது அறுத்துப்போட்ட கழனியில், தாளடிமேல். ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, மூக்கிலிருந்த விசிறியைச் சுண்டிச் சுண்டி விரல் வீங்கின பிறகு எஞ்சின் பிடித்தது. பிளேனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடி எறிவது ஆதிலட்சுமி வேலை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். எறிந்தாள். அது விழவில்லை. எண்ணெய்ப் புகை வாசனை விட்டுக்கொண்டு மேலே போனது. ஏகாம்பரம் நாக்கைக் கடித்துக்கொண்டு பெட்டியைப் பிடித்திருந்தான். ஏரிப்பக்கம் ஒரு வட்டம் சுற்றியது.

அப்போது கரைமேலிருந்த பனையிலிருந்து ஒன்று கிளம்பியது. செம்மண் நிறத்து உடம்பு, வெள்ளைக் கழுத்து. நேராகப் பிளேனைப் பார்த்து வந்தது.

“கருடன்யா” என்றாள் ஆதிலட்சுமி. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏகாம்பரமும் பார்த்தான். கருடனைக் கண்டால் என்ன செய்வோம்? சின்ன வயதிலிருந்து செய்ததைத்தான் அவனும் செய்தான். பெட்டி கழுத்தில் வாரில் தொங்க, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

கும்பிட்டு முடிப்பதற்குள் பிளேன் மூக்குக் குத்தித் தாளடியில் விழுந்தது. ஒரு பக்க இறக்கை முறிந்தது. கருடன் அதன்மேல் தாழ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பனைக்குத் திரும்பிப் போய்விட்டது. அங்கே அதற்குக் கூடு இருந்தது.

சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. ஆதிலட்சுமி சிரித்தாள். அவனுக்கு எரிச்சலாக வந்தது. “சிரி. கும்பாபிசேகத்தன்னிக்கும் கையெடுத்துக் கும்புடுறேன், ஊரே சிரிக்கட்டும்” என்றான்.

இறக்கையை ஒட்டினார்கள். மறுபடி விட்டார்கள். கருடன் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவன் கும்பிடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பிளேனை மேற்கே தள்ளிக்கொண்டு போனான். கருடன் துரத்திக்கொண்டே போய், கழனி எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பியது. விசிறிக்கும் அதன் நகத்துக்கும் ஒரு முழம்கூட இருந்திருக்காது. அன்றைக்கு ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டு ஆதிலட்சுமி கேட்டாள்.

“கும்பாபிசேகத்துல கருடன் வந்து சுத்தினாத்தானே கலசத்துல தண்ணி ஊத்துவாங்க?”

“ஆமா.”

“அந்த நேரத்துல இதுவும் மேல இருந்துச்சின்னா? விசிறில மாட்டிக் கருடனுக்கு ஒண்ணு ஆச்சின்னா?”

“கருடன் வந்து, தண்ணி ஊத்தி, அது திரும்பிப் போன அப்பாலதான் நான் மேல உடுவேன். அதுவரைக்கும் கீழயே எஞ்சினை ஓட்டிக்கினு இருக்கேன்” என்றான். அதில் ஒரு குற்றமும் அவளுக்குத் தெரியவில்லை.

கும்பாபிஷேகம் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். விடிகாலையிலிருந்தே சாலவாக்கம் டவுன் பஸ் கூரைமேல் ஆளோடு வந்து இறக்கிவிட்டுப் போனது. புளியோதரை அண்டா அண்டாவாகக் கிளறினார்கள். பம்பையும் நாயனமும் ஒன்றை ஒன்று அமுக்கின. கோயிலுக்குப் பின்னால் களத்தில், ஏரிக்கரையைப் பார்த்த மாதிரி, ஏகாம்பரமும் ஆதிலட்சுமியும் பிளேனை வைத்துக்கொண்டு நின்றார்கள். பூக்காரி தண்ணீர் தெளித்துக் கொடுத்த சாமந்தி இதழைப் பாரம் ஏறாமலிருக்க முந்தானையில் ஒற்றி ஒற்றிக் காயவைத்துப் பெட்டியில் போட்டிருந்தாள் அவள்.

குருக்கள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சாரம் ஏறினார். ஊரே அண்ணாந்தது. ஏகாம்பரம் எஞ்சினைப் பிடிக்க வைத்தான்.

கருடன் வரவில்லை.

வானம் துடைத்த மாதிரி கிடந்தது. ஒரு காக்காய்கூட இல்லை. நாயனக்காரர் மூச்சுப் பிடித்து ஒரே சுரத்தில் நின்றார். மேலே குருக்கள் குடத்தை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு, அப்புறம் தலைகள் ஒவ்வொன்றாகக் களத்துப் பக்கம் திரும்பின. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, ஆதிலட்சுமி காதுக்கு வந்து சேரும்போது பேச்சு முழுசாக இருந்தது. அந்த மிஷின் சத்தத்துக்குப் பயந்துதான் கருடன் வரவில்லை. அன்றைக்கு அம்மனைக் கொளுத்தினவன், இன்றைக்குக் கருடனை விரட்டுகிறான்.

சடையப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு களத்துக்கு ஓடி வந்தார்.

“நிறுத்துடா அதை.”

ஏகாம்பரம் நிறுத்தினான். சத்தம் அடங்கின பிறகும் வானத்தில் ஒன்றும் வரவில்லை. சடையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியில் பூசின விபூதி வேர்வையில் வழிந்து புருவத்தில் நின்றது.

“இன்னும் கொஞ்ச நேரத்துல ராகுகாலம். கருடன் வராத கும்பாபிசேகம்னு ஊருக்குப் பேரு வெச்சிடுவானுங்க. எல்லாம் உன்னாலதான்னு அங்க பேசிக்கினு கீறாங்க ஏகாம்பரம். நான் உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

ஆதிலட்சுமி ஏரிக்கரையைப் பார்த்தாள். பனை உச்சியில், மட்டைக்கு நடுவில், வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. கருடன் கூட்டில்தான் உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரித்திருக்கும்போல.

“மாமா, ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது.”

“சொல்லு சீக்கிரம்.”

“பிளேனை மேல உட்டா கருடன் வரும்.”

“இன்னாது?”

“அந்தப் பனையில கூடு கீது. அதும் பக்கம் வேற ஒண்ணு பறந்தா அதுக்குப் பொறுக்காது. துரத்திக்கினு வரும். நாங்க பாத்தோம்.”

சடையப்பன் பனையைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். அங்கே கூட்டத்தில் ஒரு கிழவி, “ஆத்தா, எங்க மேல இன்னும் கோவமா?” என்று பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்திருந்தாள்.

“இது தப்பில்லியாம்மா?” என்றார் சடையப்பன். அவர் குரல் அவளுக்குப் பழக்கமான குரலாக இல்லை.

“எனக்குத் தெரியல மாமா.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் இங்க வரல. நீ எங்கிட்ட ஒண்ணியும் சொல்லல” என்று சொல்லிவிட்டு வந்த வழியே மைக்கைப் பார்த்து நடந்தார்.

ஏகாம்பரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “பைத்தியமா உனக்கு? விசிறில அது அடிபட்டுதுன்னா நம்மள உசுரோட கொளுத்திடுவாங்க.”

“இப்ப மட்டும் கொஞ்சவா போறாங்க? எஞ்சினைப் பிடி.”

சூடாயிருந்ததால் ஒரே சுண்டில் பிடித்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பூவோடு சேர்த்துப் பிளேன் கனத்தது. எறிந்தபோது ஒரு கணம் கீழே தாழ்ந்து, வைக்கோல் போரை உரசுகிற மாதிரி போய், அப்புறம் எழும்பியது. ஏகாம்பரம் அதைப் பனைப் பக்கம் திருப்பினான். கூட்டைத் தாண்டிப் போனது. ஒன்றும் அசையவில்லை. மறுபடி திருப்பினான், இன்னும் பக்கத்தில்.

கருடன் எழும்பியது.

அவன் பிளேனைக் கோபுரத்தைப் பார்த்து விட்டான். அது முன்னால் போக, கருடன் பின்னால். வெயிலில் அந்த வெள்ளைக் கழுத்து பளிச்சென்று தெரிந்தது. சடையப்பன் குரல் மைக்கில் கிழிந்தது. “கருடன் வந்துட்டாரு, எல்லாரும் பாருங்க, கருடன் வந்துட்டாரு.” கூட்டம் முழுக்கக் கையைத் தலைக்குமேல் தூக்கியது. பிளேன் கோபுரத்தை ஒரு சுற்று வந்தது. துரத்தின கருடனும் ஒரு சுற்று வந்தது. குருக்கள் குடத்தைக் கவிழ்த்தார். கலசத்தின்மேல் தண்ணீர் வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், ஆண்கள் அழுதார்கள். அத்தனை ஜனத்திலும் கும்பிடாத கை இரண்டே இரண்டுதான், இரண்டும் ஏகாம்பரத்துடையது.

“பூவை உடு, பூவை உடு” என்றாள் ஆதிலட்சுமி.

“முடியல. நெருங்கிடுச்சி.”

பூ ஆணியைப் பிடுங்க வேண்டுமென்றால் குச்சியிலிருந்து ஒரு கையை எடுத்துச் சுவிட்சைத் தட்ட வேண்டும். கருடன் மேலேயிருந்து காலை நீட்டிக்கொண்டு இறங்கியது. அவன் பிளேனைத் திருப்பினான், அது இப்போது அவர்களைப் பார்த்து வந்தது. இடது வலதாக, வலது இடதாகத் தெரிந்தது. அவன் உடம்பையே முறுக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பி நின்று ஓட்டினான். நகம் இறக்கையில் பட்டது. அடுத்தது விசிறிதான். ஏகாம்பரம் எஞ்சின் குச்சியைக் கடைசி வரைக்கும் கீழே இழுத்தான்.

சத்தம் நின்றது. விசிறி நின்றது. எஞ்சின் அணைந்த பிளேனை மேலே வைத்துப் பிடிக்க யாராலும் முடியாது. கருடனை முதுகில் சுமந்துகொண்டு போகிற மாதிரி கொஞ்ச தூரம் மிதந்தது, கரையைத் தாண்டியது, ஏரியில் விழுந்தது. கருடன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பனைக்குப் போனது. ஒரு சிறகுகூட உதிரவில்லை. ஆதிலட்சுமி ஓடிப்போய்க் கரைமேல் ஏறிப் பார்த்தாள். மதகுப் பக்கம் சாமந்தி இதழ் மஞ்சளாகத் தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஏகாம்பரம் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பிளேனைத் தேடி எடுத்துவந்தான். ரிசீவருக்குள் சேறு. பாய் கும்பாபிஷேகம் பார்க்க வந்தவர், கையில் வாங்கிப் பார்த்து, “நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மற்றவர்கள் அப்படியில்லை. எல்லம்மாள் புளியோதரை கொடுக்க வந்தவள் போல வந்து மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

“ஏன் ஆதி, உன் ஊட்டுக்காரர் பிளேனைக் கருடனே அடிச்சித் தண்ணில தள்ளிச்சாமே? ஊரே கையெடுத்துக் கும்புடுது, இவரு மட்டும் கும்புடலன்னு பேசிக்கிறாங்க. உண்மையா?”

ஆதிலட்சுமி புளியோதரையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

எல்லம்மாள் போனதும் ஏகாம்பரம் ஈர வேட்டியோடு எழுந்தான். “நான் போயி சொல்லிட்டு வரேன். கருடனை வரவெச்சது நாமதான்னு. அதைக் காப்பாத்தத்தான் எஞ்சினை நிறுத்தினேன்னு.”

“சொன்னா?”

“சொன்னா புரிஞ்சிக்குவாங்க.”

“சொன்னா கருடன் கோழிக்குஞ்சு தூக்கற வெறும் பிராந்தாப் பூடும். அந்தக் கிழவி அழுததைப் பாத்தல்ல? கும்பாபிசேகத்தையே கெடுத்துட்டானுங்கன்னு சொல்லுவாங்க. குந்து.”

அவன் உட்கார்ந்தான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். மூன்று வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. புதுசாகச் சாயம் பூசின துரோபதம்மன், புதுப்பட்டு. ஆதிலட்சுமி வாசலைத் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். தட்டில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம். எல்லம்மாள் வாசலில் அம்மன் நின்றது. பம்பை ஓய்ந்தது, மணி அடித்தது, கற்பூரம் எரிந்து முடிந்தது. தூக்குகிறவர்கள் தோள் மாற்றினார்கள். சடையப்பன் முன்னால் நடந்து வந்தார். இந்த வாசல் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பூ விழவில்லையே, பேசினது அவ்வளவுதானே என்று அவர் மனசு கணக்குப் போட்டிருக்கும். நடை வேகமானது. அம்மன் மூக்குத்தி மின்னியது.

ஆதிலட்சுமி தட்டோடு ஒரு அடி முன்னால் வந்தாள். தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாய் தானாகத் திறந்தது. அண்டை வீட்டில் உப்பு கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

“மாமா, கருடன் எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சி? இவங்கள்லாம் எங்கிட்ட கேக்கறாங்க. நீங்கதானே மொதல்ல பாத்தீங்க?”

சடையப்பன் நின்றுவிட்டார். எல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். பம்பைக்காரன் குச்சியை நிறுத்திக்கொண்டு பார்த்தான். சடையப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் அவளைப் பார்த்தார். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றிருந்தாள்.

“நிறுத்துங்கப்பா” என்றார். “சாமி இங்க நிக்கட்டும்.”

தூக்கினவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நிறுத்துங்கன்றேன்ல. கருடனே தேடி வந்து தொட்ட மிஷினு அது. இந்த ஊட்டைத் தாண்டிக்கினு போவறதா?”

அம்மன் திரும்பி நின்றது. முழு முகம். ஆதிலட்சுமி குடத்தை எடுத்துத் தூக்குகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினாள். தேங்காய் உடைந்தது. கற்பூரம் காட்டினார்கள். விபூதி கொடுக்கிற சாக்கில் சடையப்பன் குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இனிமே கேக்காதம்மா” என்றார்.

“ஏன் கேக்கப்போறேன் மாமா” என்றாள்.

மூன்று வருஷமாக அவள் இந்த நிமிஷத்தை நினைத்து நினைத்து வைத்திருந்தாள். அம்மன் வந்து நின்றால் தேம்பித் தேம்பி அழுவோம், காலில் விழுந்து புரளுவோம் என்றெல்லாம். இப்போது பார்த்தால் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மன் முகத்தை நேராகப் பார்க்கவும் முடியவில்லை. பார்வை அந்தப் புதுப்பட்டின் கரையிலேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் ஏகாம்பரம் நின்றான். சாமி நின்ற பிறகுதான் உள்ளேயிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பியிருந்தான், கண்ணீர் தாடியில் வழிந்தது. ஊர்வலம் நகர்ந்து, பம்பைச் சத்தம் அடுத்த தெருவுக்குப் போன பிறகும் கையை இறக்கவில்லை.

“பாத்தியா ஆதி” என்றான். “நீ ஒண்ணுமே சொல்ல வேணாம்னியே. சொல்லாமயே அவளாவே வந்து நின்னுட்டா பாரு.”

“ஆமா” என்றாள் ஆதிலட்சுமி. “அவளாத்தான் நின்னா.” தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் உள்ளே போனாள்.